பயம் மட்டும் போதாது, படியும் வேண்டும்



மாலை ஆறு மணி. அக்கரப்பத்தனைப் பக்கம் பனி இறங்கிவிட்டது. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த அம்மா, கூடையை இஸ்தோப்பில் இறக்கி வைக்கிறார். உள்ளே பத்தாம் ஆண்டு படிக்கும் மகன் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கிறான். அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

"ஒழுங்கா படிக்காட்டி நாளைக்கு நீயும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் போவணும், பாத்துக்க!"

இந்த வார்த்தையைச் சொல்லாத வீடு நமது லயங்களில் குறைவு. கேட்டு வளராத பிள்ளையும் குறைவு. அம்மா அன்பினால்தான் சொல்கிறார். தான் பட்ட குளிரும், அட்டைக் கடியும், முதுகு வலியும் பிள்ளைக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் பையன் என்ன செய்கிறான்? தலையைக் குனிந்துகொள்கிறான். புத்தகத்தின் பக்கம் மட்டும் புரளவே இல்லை.

பயம் காட்டினால் பிள்ளை படிக்கும் என்று நாம் நம்புகிறோம். சில நேரம் படிக்கவும் செய்கிறது. பல நேரம் அதே பயத்தினால் பாடசாலையை விட்டே நின்றுவிடுகிறது. அது ஏன்? பயம் எப்போது நம்மை முன்னே தள்ளும், எப்போது காலைக் கட்டிப் போடும்? இதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. கந்தோர் படி ஏறப் பயப்படும் அப்பாவுக்கும், கூட்டத்தில் வாய் திறக்கப் பயப்படும் அக்காவுக்கும் இது பொருந்தும்.

பயம் என்பது என்ன?

கொழுந்து மலையில் குளவிக்கூடு கலைகிறது என்று வைத்துக்கொள்வோம். "குளவி!" என்று ஒருவர் கத்தியதும் என்ன நடக்கிறது? யோசிப்பதற்கு முன்பே கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மூச்சு வேகமாக வருகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. மற்ற நாளில் ஏற முடியாத மேட்டைக் கூட அன்றைக்கு ஒரே ஓட்டத்தில் ஏறிவிடுகிறோம்.

இதெல்லாம் உடம்பு செய்யும் ஏற்பாடு. ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகத்தின் மேலே தொப்பி போல் இருக்கும் சுரப்பி, அட்ரினலின் என்ற நீரை இரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடித்து, கைகால் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. எதிர்த்து நிற்பதா, ஓடுவதா என்று உடம்பு தயாராகிறது. இதை விளக்கி எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க மருத்துவ அறிஞர் வால்டர் கெனன். அவருடைய நூல் 1915ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஆகவே பயம் என்பது கோழைத்தனம் அல்ல. அது உடம்பு தரும் பலம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது அறியாமை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. குளவியைக் கண்டால் வரும் அதே படபடப்புத்தான் பரீட்சைத் தாளைக் கண்டாலும் வருகிறது. பிரதேச செயலகத்தில் மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தரைக் கண்டாலும் வருகிறது. குளவிக்கு ஓடலாம். பரீட்சைத் தாளை விட்டு ஓடினால் நட்டம் நமக்குத்தான். அந்தப் பலத்தை ஓடுவதற்குச் செலவழிக்காமல் வேலைக்குத் திருப்புவது எப்படி என்பதே கேள்வி.

கொஞ்சம் இருந்தால் நல்லது, கூடினால் கெடுதி

1908ஆம் ஆண்டு ரொபட் யேர்க்ஸ், ஜோன் டொட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைப் பெட்டி ஒன்று, கறுப்புப் பெட்டி ஒன்று. தவறான பெட்டிக்குள் போனால் எலிக்கு மின்சாரம் மெல்லத் தாக்கும். சரியான பெட்டியைக் கண்டுபிடிக்க எலி எத்தனை நாளில் பழகுகிறது என்று பார்த்தார்கள்.

இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தபோது, மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட எலி வேகமாகப் பழகியது. வித்தியாசம் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்தபோது கதை மாறியது. நடுத்தரமான தாக்குதலில் நன்றாகப் பழகிய எலிகள், தாக்குதல் பலமானதும் பழகுவதில் பின்தங்கிப் போயின.

இதை நமது வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். "தண்ணி எடுத்துட்டு வா" என்று அதட்டினால் பிள்ளை ஓடிப்போய் எடுத்து வரும். அது இலகுவான வேலை. ஆனால் பின்னக் கணக்கு அப்படி அல்ல. அதற்கு மூளை அமைதியாக இருக்க வேண்டும். அங்கே அதட்டலையும் அடியையும் கூட்டினால், தெரிந்த கணக்கும் மறந்து போகும். வேலை எவ்வளவு கடினமோ, பயம் அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும்.

ஒரு துண்டுக் கடதாசி செய்த வேலை

இனி, இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருவோம்.

கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் டிஸ்பென்சரியில் ஊசி போடுகிறார்கள் அல்லவா? அது ஏற்புவலி வராமல் தடுக்கும் ஊசி. அமெரிக்காவில் யேல் என்ற பெரிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஹவார்ட் லெவென்தால் என்பவரும் அவரது சகாக்களும் மாணவர்களை இந்த ஊசி போட வைக்க ஒரு முயற்சி செய்தார்கள். அதன் முடிவு 1965இல் வெளிவந்தது.

ஏற்புவலி எவ்வளவு கொடியது என்று சொல்லும் சிறு புத்தகம் ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த புத்தகத்தில் பயங்கரமான விவரங்களும் படங்களும் இருந்தன. சிலருக்குக் கொடுத்ததில் பயம் குறைவாக இருந்தது. கடும் பயம் காட்டப்பட்டவர்கள், "கட்டாயம் ஊசி போட வேண்டும்" என்று வாயால் சொன்னார்கள். ஆனால் போய் ஊசி போட்டவர்களை எண்ணிப் பார்த்தபோது, கடும் பயத்துக்கும் குறைந்த பயத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு ஒன்றில் இருந்தது. சில மாணவர்களுக்கு மாத்திரம், புத்தகத்தோடு ஒரு வரைபடமும் கொடுத்தார்கள். மருந்து நிலையம் எங்கே என்று அதில் வட்டம் போட்டிருந்தது. "உங்கள் நாள் வேலையில் எந்த நேரம் போவீர்கள், எந்த வழியாகப் போவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்" என்றும் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

வரைபடம் இல்லாதவர்களில் நூற்றுக்கு 3 பேர் அளவில்தான் போனார்கள். வரைபடம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 28 பேர் அளவில் போனார்கள். இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே பல வருஷம் படித்தவர்கள். மருந்து நிலையம் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது!

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். பயம் காட்டாமல் வழியை மட்டும் சொல்லிக் கொடுத்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூடப் போகவில்லை.

இதிலிருந்து நாம் படிக்கும் பாடம் என்ன? பயம் மட்டும் இருந்தால் மனிதன் உட்கார்ந்து கவலைப்படுவான். வழி மட்டும் தெரிந்தால், "பார்ப்போம், அவசரம் என்ன" என்று இருந்துவிடுவான். பயமும் அதோடு ஒரு படியும் சேர்ந்து வந்தால்தான் எழுந்து நடப்பான். எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்றும் அந்தப் படியில் இருக்க வேண்டும்.

மறுபடியும் அந்த அம்மாவிடம் வருவோம்

"படிக்காட்டி மலைக்குத்தான் போவணும்" என்பதில் பயம் இருக்கிறது. படி இல்லை. பையனுக்குத் தெரிவது ஒரு பெரிய மலை. அதில் எங்கே முதல் காலை வைப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறான்.

இதில் இன்னொரு கெடுதியும் உண்டு. நாம் செய்யும் தொழிலை நாமே தண்டனையாக்கி விடுகிறோம். 150 வருஷத்துக்கும் மேலாக இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்த கைகள் நமது கைகள். பிள்ளை வேறு தொழிலுக்குப் போகட்டும். அதற்காக அம்மாவின் கூடையைப் பார்த்து வெட்கப்படக் கூடாது.

அதே அம்மா இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "கணக்கு எனக்கும் தெரியாது தம்பி. உனக்கு எதுல பயம்னு சொல்லு. அந்த ஒரு கணக்கை நாளைக்கு இடைவேளையில சேர்கிட்ட கேட்டுட்டு வா. ராத்திரி எனக்குச் சொல்லிக் காட்டு."

இதில் எங்கே என்பது இருக்கிறது, எப்போது என்பது இருக்கிறது, எப்படி என்பதும் இருக்கிறது. அம்மாவுக்குக் கணக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கேட்கும் காது இருந்தால் போதும். பிறருக்குச் சொல்லிக் காட்டும்போது பிள்ளைக்குப் பாடம் நன்றாகப் பதிகிறது.

பரீட்சை அன்றைக்கு நடுங்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. பரீட்சைக்குச் சற்று முன்பு, மனதில் உள்ள பயத்தையெல்லாம் பத்து நிமிடம் ஒரு கடதாசியில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2011இல் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞான சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிகம் பதற்றப்படும் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக உதவியது. செலவு ஒரு கடதாசி, ஒரு பேனை. எழுதியதை யாரும் படிக்க வேண்டியதில்லை. கிழித்துப் போட்டுவிடலாம்.

மேல்சட்டையைக் கேட்கப் பயந்தவர்

பெரியவர்களுக்கும் பயம் உண்டா? உண்டு. காந்தியடிகளின் கதையைப் பாருங்கள். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து, கண்டி, பதுளை என்று மலைநாட்டிலும் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னால் பேசிய அதே காந்திதான். இந்த விவரங்களை அவரே தனது சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இலண்டனில் சட்டம் படித்த காலத்தில், ஒரு சங்கக் கூட்டத்தில் பேச எழுதிக் கொண்டு போனார். எழுந்து நின்று வாசிக்கக் கூட முடியவில்லை. அதை வேறொருவர் வாசித்தார். 1891இல் இந்தியாவுக்குத் திரும்பி, பம்பாயில் ஒரு சிறிய வழக்கை எடுத்தார். கூலி 30 ரூபாய். நீதிமன்றத்தில் சாட்சியைக் கேள்வி கேட்க எழுந்தார். தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெட்கத்தோடு வெளியேறினார்.

1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போனார். கையில் முதல் வகுப்பு டிக்கட் இருந்தும், நிறத்தைக் காரணம் காட்டி பீட்டர்மரிட்ஸ்பர்க் என்ற ஸ்டேசனில் இரயிலில் இருந்து தள்ளிவிட்டார்கள். அது குளிர்காலம். நமது ஊர்க் குளிர் போலத்தான் இருந்திருக்கும். அவருடைய மேல்சட்டை, ஸ்டேசன்காரர்கள் எடுத்து வைத்த பெட்டிக்குள் இருந்தது. கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்கப் பயந்து, இரவு முழுவதும் குளிரில் நடுங்கிக்கொண்டே இருந்தார். திரும்பி ஊருக்குப் போய்விடுவதா, நின்று உரிமைக்குப் போராடுவதா என்று அந்த இரவில்தான் யோசித்தார்.

அடுத்து அவர் செய்தது என்ன? நேராகப் போய் அரசாங்கத்தோடு மோதினாரா? இல்லை. பிரிட்டோரியா நகரத்தில் இருந்த இந்தியர்களை ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றி, நன்றாகத் தயார் செய்துகொண்டு பேசினார். அதைத்தான் தனது வாழ்க்கையின் முதலாவது பொதுப் பேச்சு என்று அவர் சொல்கிறார். ஆங்கிலம் படிக்க விரும்புகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும் சொன்னார். மூன்று பேர் வந்தார்கள்: ஒரு சவரத் தொழிலாளி, ஒரு கிளாக்கர், ஒரு சில்லறைக் கடைக்காரர்.

வாய் திறக்க முடியாத மனிதர் சொந்த மக்கள் மத்தியில், தெரிந்த விஷயத்தில், ஒரு சிறிய படியை முதலில் வைத்தார். பிற்காலத்தில் அவர் எழுதும்போது, தனது கூச்சத்தினால் தனக்கு நட்டமில்லை, சொற்களை அளந்து பேச அதுவே கற்றுக் கொடுத்தது என்றார். அவருடைய பயம் மாயமாய் மறைந்துவிடவில்லை. அதை அவர் ஆசிரியராக்கிக் கொண்டார்.

பாட்டோடு வந்த தைரியம்

இனி நமது மலையகக் கதை ஒன்று. நமது பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாது. நுழைந்தால் அத்துமீறல் சட்டம். ஆள்மாறும் தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுத்த 'துண்டு' முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் பயம் ஒழியவில்லை. துரைக்கு எதிராகப் பேசினால் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு வந்தால் வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் போய், தொழிலாளர் நிலைமையைக் கண்டறிந்தார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். அவரது மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் பாட்டாக எழுதினார். மக்கள் கூடும் இடங்களில் தானே பாடினார்.

பாட்டு எப்படிப் பயத்தைப் போக்கும் என்று கேட்கலாம். நீண்ட பிரசங்கம் நமது மக்களுக்கு அந்நியம். பாட்டு அப்படி அல்ல. தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் நமக்கு ஏற்கனவே தெரிந்தவை. தெரிந்த மெட்டில் தெரியாத செய்தி வரும்போது பயம் குறைகிறது. தனியாக ஒருவர் பேசினால் அவரை அடையாளம் கண்டு பத்துச்சீட்டு கொடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்து பாடினால் யாரைப் பிடிப்பது?

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, பழகிய இடத்திலிருந்து பழகாத இடத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது, பயத்தைத் தனியாகச் சுமக்கத் தேவையில்லை.

கந்தோர் படி ஏறுவது

"எனக்கு வாய் வராதுங்க. அவங்க சிங்களத்துல ஏதாச்சும் கேட்டா என்னா சொல்றது?" இந்தப் பேச்சை எல்லா டிவிசனிலும் கேட்கலாம். இந்தப் பயத்தினாலேயே பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயர்ப் பிழையைத் திருத்தாமல் விட்டுவிடுகிறோம். பிறகு அடையாள அட்டை எடுக்கும்போதும், பரீட்சை எழுதும்போதும், சேமலாப நிதிக் காசு எடுக்கும்போதும் அந்த ஓர் எழுத்துப் பிழை வந்து வழியை மறிக்கிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987இல் செய்யப்பட்ட 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. அரசாங்கக் கந்தோரில் தமிழில் எழுதவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. நாம் தயவு கேட்டுப் போவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு போனாலே முதுகு கொஞ்சம் நிமிரும்.

பிறகு வேலையைச் சிறு சிறு படிகளாக வெட்டுங்கள்.

முதல் நாள்: என்ன பிழை, என்ன வேண்டும் என்று இரண்டு வரியில் பிள்ளையைக் கொண்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது: தோட்டத்திலேயே தெரிந்த ஒருவரிடம், அதாவது பிள்ளைக்காம்பரா டீச்சரிடமோ, மருத்துவமாதுவிடமோ, நலன்புரி உத்தியோகத்தரிடமோ அதை வாசித்துக் காட்டுங்கள். என்னென்ன பத்திரம் கொண்டு போக வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: ஏற்கனவே இந்த வேலையை முடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் பேசுவது நீங்களாக இருக்கட்டும். துணைக்கு வந்தவர் பக்கத்தில் நிற்கட்டும்.

நான்காவது: வேலை முடியாமல் திரும்பினாலும், "அடுத்து எந்தத் திகதி, யாரைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு திரும்பாதீர்கள்.

அடுத்த முறை நீங்கள் இன்னொருவருக்குத் துணையாகப் போங்கள். பயந்து ஒதுங்கிய ஆளே வழிகாட்டியாக மாறுவது அப்படித்தான்.

ஓட வேண்டிய பயமும் உண்டு

எல்லாப் பயத்தையும் வெல்ல வேண்டும் என்று நினைப்பது ஆபத்து. லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு வெடித்திருந்தால், ஊற்று நீர் திடீரென்று கலங்கினால், மரம் சாய்ந்தால் பயப்படத்தான் வேண்டும். "இத்தனை வருஷமா இங்கதானே இருக்கோம்" என்று சொல்வது தைரியம் ஆகாது.

மண்சரிவுப் பயத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தெளிவான படிகள் வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் ஆபத்தான இடத்தில் உள்ளவர்கள் வெளியேறிவிட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், மருந்து, டோர்ச் லைட் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, எந்தப் பாதையால் எந்தக் கட்டிடத்துக்குப் போவது என்று குடும்பமாகப் பேசி வையுங்கள். இதுவும் பயத்தோடு சேர்ந்த படிதான்.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் வந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. பயம் இருந்தது. ஆனால் போய் இருப்பதற்கு வேறு வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மழையிலும் மலைநாட்டில் பல இடங்களில் மண் சரிந்தது. சில படிகளை ஒரு குடும்பம் தனியாகக் கட்ட முடியாது. பாதுகாப்பான காணியும் வீடும் அப்படிப்பட்டவை. அங்கே தோட்டமே சேர்ந்து, எழுத்தில், திகதி போட்டுக் கேட்க வேண்டும். அப்படிச் சேர்ந்து கேட்பதுதான் அந்தப் பயத்துக்கு உரிய முதல் படி.

இன்னொரு பயமும் உண்டு. வீட்டுக்குள்ளேயே அடி உதைக்குப் பயந்து வாழும் பெண்கள், பெரியவர்களின் கைக்குப் பயந்து ஒளியும் பிள்ளைகள் நம் மத்தியில் இருக்கிறார்கள். "பயம் உன்னை வளர்க்கும்" என்று அவர்களிடம் சொல்வது பாவம். அவர்களுக்குப் பாதுகாப்புத்தான் முதலில் வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929. அதேபோல், காரணம் இல்லாமல் வாரக்கணக்கில் நெஞ்சு படபடத்து, தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால் அது நோய். பேய்க் குணம் என்று மந்திரிக்க அலைய வேண்டாம். ஆஸ்பத்திரி டொக்டரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம்.

இன்று இரவு செய்து பாருங்கள்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இருட்டில் ஒரு சிறு விளக்கை ஏற்றினால் பேய் எது, படங்குச் சாக்கு எது என்று தெரிந்துவிடும். அந்த விளக்கை ஏற்றுவதற்கு நான்கு கேள்விகள் போதும். அடுப்படியில் உட்கார்ந்து குடும்பமாகக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: எனக்கு எதில் பயம்? பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "எல்லாத்துக்கும் பயம்" என்பது பதில் அல்ல. "பின்னக் கணக்குக்குப் பயம்", "லோன் கேட்க பேங்குக்குப் போகப் பயம்" என்று சொல்ல வேண்டும்.

இரண்டு: இந்தப் பயம் எதைக் காப்பாற்றப் பார்க்கிறது? உயிரையா, மானத்தையா, காசையா? உயிர் என்றால் பயம் சொல்வதைக் கேளுங்கள். "நாலு பேர் சிரிப்பாங்க" என்பது மட்டும்தான் என்றால் தைரியமாக அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மூன்று: ஆக முதலாவதாக வைக்கக்கூடிய சிறிய படி எது? எங்கே, எப்போது, எப்படி?

நான்கு: யார் என் கூட வருவார்கள்?

அப்பாவும் அம்மாவும் முதலில் தங்கள் பயத்தைச் சொல்லட்டும். "எனக்கும் பயம்தான்டா" என்று அப்பா சொல்லும்போது, பிள்ளைக்கு ஒரு பெரிய பாரம் குறைகிறது. பயப்படுவது குற்றம் இல்லை என்று அது புரிந்துகொள்கிறது. அப்பா சொன்னபடி கந்தோருக்கோ பேங்குக்கோ போய்விட்டு வந்தால், அதைவிடப் பெரிய படிப்பினை வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கொழுந்து மலையில் ஏறும் நமது தாய்மாருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அடிவாரத்தில் நின்று உச்சியைப் பார்த்தால் கால் நடுங்கும். யாரும் உச்சியைப் பார்த்துக்கொண்டு ஏறுவதில்லை. முன்னால் உள்ள நிரையைப் பார்த்து, அடுத்த செடியைப் பார்த்து, கால் வைக்க ஒரு கல்லைப் பார்த்து ஏறுகிறார்கள். பத்து மணித் தேத்தண்ணி வரும்போது பாதி மலை முடிந்திருக்கும்.

அந்தப் பழக்கத்தைத்தான் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்று மாலை கூடையை இறக்கி வைத்ததும், "படிக்காட்டி..." என்று வாய் வரை வரும் வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்தி, "எந்தக் கணக்குத் தம்பி வரல?" என்று கேட்டுப் பாருங்கள்.